ஐந்தாம் வார்த்தை அம்மாவுக்கு

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபை தொடங்கியபோது அதற்குக் கோபுரம் கிடையாது, மணி கிடையாது, கதவுகூட ஒழுங்காகச் சாத்தாது. மர டிப்போ ஒன்றின் பின்பக்கத் தகரக் கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மரத்தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு ஜமக்காளம் விரிப்பார்கள். கண்டோன்மெண்ட் பக்கத்துப் பெரிய சர்ச்சில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்து அலுத்துப்போன சில தமிழ்க் குடும்பங்கள், நமக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்த சபை அது. வீட்டுக்குப் போனபிறகும் எங்கள் தலைமுடியில் தேக்கு வாசனை இருக்கும்.

முதல் பெரிய வெள்ளியிலேயே சிக்கல் வந்தது. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை, ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசவேண்டும். அதுவரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி. எங்கள் சபையிலோ பேசத் தெரிந்த ஆண்கள் ஆறே பேர். ஒருவருக்கு இரண்டு கொடுக்கலாம் என்றால் அந்த ஒருவர் யார் என்பதில் சபையே உடைந்துவிடும் போலிருந்தது. கடைசியில், நன்றாக ஜெபிக்கிறவள் என்று அம்மாவைக் கைகாட்டினார்கள். தாகத்தைச் சொல்லும் ஐந்தாம் வார்த்தை அவளுக்கு வந்தது. தாகமாயிருக்கிறேன் என்ற ஒற்றைச் சொல்தான், பொம்பளை சீக்கிரம் முடித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

சீக்கிரம்தான் முடித்தாள். அந்த வாரம் எங்கள் தெரு நல்லியில், அதாவது குழாயில், தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வெட்கப்பட்டு, காலிக் குடத்தைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். கடவுளின் மகனே வாய்விட்டுக் கேட்டாரே, எனக்கென்ன கௌரவம் என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொட்டகையில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் அதே காலிக் குடம்தான். அழுதவர்களில் அந்த ஆறு ஆண்களும் உண்டு.

அதிலிருந்து ஐந்தாம் வார்த்தை அம்மாவுக்கு என்று ஆகிவிட்டது. அந்த வருஷம் யார் வீட்டில் என்ன குறையோ, அது எப்படியோ அவள் பேச்சில் வந்துவிடும். வேலை போனவர்கள், பிள்ளையில்லாதவர்கள், துபாய்க்குப் போன மகனிடமிருந்து ஒரு போனும் வராதவர்கள். யார் பெயரையும் சொல்லமாட்டாள். ஆனாலும் சம்பந்தப்பட்டவர் தலையைக் குனிந்துகொள்வார், பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

சபை வளர்ந்தது. தகரம் போய்க் கான்கிரீட் வந்தது, அதன்மேல் மாடி வந்தது, ஆங்கில ஆராதனை வந்தது. வேலூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஐ.டி. வேலைக்கு வந்த பிள்ளைகள் வந்தார்கள். கார்கள் தெருவை அடைத்து நிற்க, பக்கத்துக் கடைக்காரர் கன்னடத்தில் எங்களைத் திட்டும் வழக்கமும் வந்தது. இறையியல் படித்த வெளியூர்ப் பிரசங்கியார்கள், போட்டோ போட்ட நோட்டீஸோடு, ஏழு வார்த்தைக்கும் வந்தார்கள். அம்மாவை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் கேட்கவில்லை, அப்புறம் கேட்கவேயில்லை. ஆனாலும் பெரிய வெள்ளிக்கு முந்தின லெந்து நாட்கள், அந்த நாற்பது நாள் தவக்காலம், தொடங்கினால் அவள் அடுப்படியில் முணுமுணுப்பாள். ரசத்தைத் தாளித்துக்கொண்டே யாருக்கோ எதையோ விளக்குவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு, இன்னும் ஒரே ஒரு தடவை அவள் அந்த வார்த்தையைப் பேசிவிடமாட்டாளா என்று இருக்கும்.

இந்த வருஷம் பொறுக்கமுடியாமல் நானே ஆயரிடம் போய்க் கேட்டேன். சின்ன வயசு, நல்ல மனுஷர். அம்மா பேசுவார் என்பதே தனக்குத் தெரியாது என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். நோட்டீஸ் அச்சாகிவிட்டது, அடுத்த வருஷம் நிச்சயம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷத்தை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. விஷயம் எப்படியோ அம்மாவின் காதுக்குப் போக, அவள் "கேட்டு வாங்கறதுக்கு அது என்ன ரேஷன் அரிசியா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

மாடி ஏற முடியாதவர்களுக்குக் கீழ் ஹாலில் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று அங்கேதான் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தை. சொந்த அத்தை இல்லை; கொட்டகைக் காலத்தில் அம்மாவோடு சேர்ந்து ஜமக்காளம் உதறியவள். ஐந்தாம் வார்த்தையைச் சென்னையிலிருந்து வந்தவர் பேசினார். கிரேக்க மூலம், உடம்பில் நீர் வற்றும் விதம் என்று எல்லாம் சரியாகவே சொன்னார். அம்மா திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

எல்லாம் முடிந்து கஞ்சி வந்தது. நான் இருவர் கையிலும் கப்பைக் கொடுத்தேன். அத்தை குடிக்கவில்லை.

"உன் வார்த்தையக் கேக்காம எனக்கு உபவாசம் முடியாது," என்றாள். "சொல்லு. இந்த வருஷம் யார் வீட்டுக் கதை?"

பைத்தியமா உனக்கு என்று அம்மா சிரித்து மழுப்பப் பார்த்தாள். அத்தை விடவில்லை. சுற்றிலும் ஜனம் கஞ்சிக்கு முண்டிக்கொண்டிருந்தது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழுந்திருக்காமலே பேசினாள்.

"நம்ம கதைதான். சபை பெருகணும்னு மரத்தூள்ல முழங்கால் போட்டுக் கேட்டோமே, பெருகிடுச்சு. சந்தோஷந்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனா அப்பல்லாம் ஒரு ஞாயித்துக்கெழம நான் வரலேன்னா, பொழுது சாயறதுக்குள்ள நாலு பேரு வாசல்ல வந்து நிப்பாங்க. இப்ப நான் வரலேன்னா, வரலேன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு அந்தத் தாகந்தான்."

தனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் அத்தை வாயெடுத்திருக்க வேண்டும். ஆனால் கப்பைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த மாதம் தன் மகன் ஓசூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போகிறான், தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறான், இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்ததாகச் சொன்னாள்.

அம்மா தன் கப்பையும் கீழே வைத்தாள். பிறகு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போ," என்றாள். "ஞாயித்துக்கெழம நீ வரலேன்னா, வரலேன்னு எனக்குத் தெரியும்."