செத்துப்போன ராசாத்தி பேசுறன்

ஈரச் சப்பாத்துகள் ஹீற்றருக்குப் பக்கத்தில் காயும் மணம்... தொண்ணூறுகளில், நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்த எங்கள் தமிழ் வானொலிக்கு அந்த மணம்தான்.

அதைக் கேட்பதற்கென்றே சனம் தனியாக ஒரு றேடியோப் பெட்டி வாங்கி வைத்திருந்தது. இப்போது சொன்னால் என் மகள் நம்புகிறாளில்லை!

வானொலிக்கு என்னோடு வந்துபோகும் சாந்தி அக்காவுக்கு டோனற் சுடும் ஃபக்ரறியில் வேலை. பஸ்ஸில் போய்வரும் நேரத்தில், முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆங்கிலச் சோக நாடகம் ஒன்றை வானொலிக்குத் தமிழாக்கி முடித்துவிட்டா. அதில், கடைசியில் நஞ்சு குடித்துச் சாகிற ராசாத்தியாக நடிப்பது நான். பின்னணிக்கு லைப்ரரியில் எடுத்த கசெற்... அந்தக் காலத்து லூட் வாத்தியம். எங்கள் வீணைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு சத்தம்.

பொறுப்பாளர் அங்கிளுக்கு நம்பிக்கையே இல்லை.

"ஒரு ஞாயிறு தாறன். சனம் போன் எடுக்காட்டி அடுத்த கிழமை பாட்டுத்தான் போடுவன்."

ஊரில் மேடை மேடையாய் நாடகம் போட்ட அக்காவுக்கு, இங்கே வந்து கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

நேரடி ஒலிபரப்பு. லூட் மெல்ல அழத் தொடங்கியது... போன் லைற் எல்லாம் ஒன்றாக எரிந்தன. அக்கா சந்தோசத்தில் என் கையை நசுக்கிப்போட்டா.

எடுத்தால், "பிள்ளை, ஆர் மோசம் போனது? எந்த ஊர்?"

அடக் கடவுளே! எங்கள் வானொலியில் சோக இசை வந்தால் அடுத்தது மரண அறிவித்தல்தான். ஊரில் சண்டை நடந்த காலம் வேறு. சனம் நன்றாகப் பயந்துவிட்டது.

"உந்த இழவு மியூசிக்கை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார் அங்கிள்.

"அந்தக் காலத்து நாடகத்துக்கு அந்தக் காலத்து மியூசிக்தான்." அக்கா மைக்கை இழுத்தா. "நேயர்களே, பயப்பிடாதேங்கோ. உங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இது நாடகம். சாகப்போறது ஒரு ராசாத்தி மட்டும்தான், அதுவும் கடைசியில."

முடிவையே சொல்லிப்போட்டா மனுசி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இடைவேளையில் வோபர்ன் பக்கமிருந்து ஒரு அம்மா போன் எடுத்தா.

"பிள்ளை, அந்த ராசாத்தியைச் சாக விடாதேங்கோ. ஊரில சாகிறது காணாதே?"

அக்கா நாடகத் தாள்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினா. கதையை மாற்ற அவவுக்கு மனமில்லை. அந்த அம்மாவின் குரலை விட்டுப்போகவும் மனமில்லை.

நான் நஞ்சு குடித்தேன். செத்தேன். லூட் ஓய்ந்தது... அக்கா மைக்கை என் பக்கம் தள்ளினா.

"சுகமா இருக்கிறன் எண்டு நீரே சொல்லும்."

"வணக்கம்... செத்துப்போன ராசாத்தி பேசுறன். நான் சுகமா இருக்கிறன். இனி பஸ் பிடிச்சு வீட்டை போய்ச் சோறு காய்ச்சோணும்."

மறுபடி லைற் எல்லாம் எரிந்தன. எடுத்த போனில் எல்லாம் சிரிப்பு. வோபர்ன் அம்மாவும் எடுத்தா. "நல்லது பிள்ளை. அடுத்த கிழமை என்ன நாடகம்?"

அங்கிள் அதற்குப் பிறகு பாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. ஞாயிறு எங்களுடையதாகிவிட்டது.

இப்போது பாட்டும் நாடகமும் கைபோனுக்குள்ளேயே, விரும்பிய நேரம். நல்லதுதான். ஆனால் பதறிப்போய் எடுத்துக் கேட்க ஒரு நம்பர் இல்லையே என்று சிலநேரம் தோன்றும்.

போன மாதம் பிறம்ரனில் ஒரு கலியாணம். சாப்பாட்டு வரிசையில் நின்று, "ஒரு வடை போதும் தம்பி" என்றேன். முன்னால் நின்ற வயதான அன்ரி சட்டென்று திரும்பினா.

"உந்தக் குரல்... ராசாத்தி, நீர் சுகமா இருக்கிறீரோ?"

"ஓம் அன்ரி," என்றேன். "இன்னும் சுகமா இருக்கிறன்."