நாலு ஜீபிக்குள் அடங்கியது

ஊரடங்கு போட்ட வாரம், மூன்று நாள் விடுப்பில் கொழும்பிலிருந்து வந்திருந்த மாமி, இரண்டு மாதம் எங்கள் இணுவில் வீட்டிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது அவருடைய வேலை. அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக விசாரித்ததில்லை. ஏன் இன்னும் கலியாணம் செய்யவில்லை என்பதைத்தான் விசாரித்தார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால், கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பிய மடிக்கணினியில்தான் அவளுக்கு வகுப்பு. அதை நான் தொடக்கூடாது என்பது அக்காவின் கட்டளை.

ஒரு பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா கிணற்றடியில் நின்றாள். அம்மா குசினியிலிருந்து, "மின்னுது பிள்ளை, உதுகளை நிப்பாட்டு" என்றார். மின்விசிறியை நிறுத்தினேன், தொலைக்காட்சியை நிறுத்தினேன், பிறகு மடிக்கணினியிடம் போனேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற, கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. முப்பது வீதம் என்றும், நிறுத்தவேண்டாம் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் திரையின் சொல்லைவிட அம்மாவின் சொல்தான் பெரிதாகப் பட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

அதன்பிறகு அது எழும்பவேயில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. அக்கா அழவில்லை. ஒரு வருடக் குறிப்பெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அழுதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த மெதுவான குரலுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

மாமி வந்து பார்த்தார். "குறிப்புக்கு ஒண்டும் நடக்காது. சிஸ்டத்தைத்தான் திருப்பிப் போடவேணும்" என்றார்.

போடுவதற்கான கோப்பு, அவர் கையோடு கொண்டுவந்திருந்த அலுவலகக் கணினியில் இருந்தது. அதை அக்காவின் கணினிக்குக் கொண்டுவர ஒரு பென் டிரைவ் வேண்டும். எட்டு ஜீபி என்றால் கவலையில்லை. கடைகளோ பூட்டு. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவின் ஓட்டோவில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்த நாலு ஜீபி.

"உது காணுமே?" என்று அதன் அளவில் சந்தேகத்தோடு கேட்டபடி அப்பா அதைக் கழற்றிக் கொடுத்தார்.

"காணாது அண்ணை. காணப்பண்ணுவம்."

மறுநாள் காலை மாமி நாதஸ்வரத்தைத் தன் கணினியில் பத்திரப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அங்கிருந்து எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

"உதுக்குள்ளை ஒண்டில்லை, ஆறு சிஸ்டம் கிடக்கு" என்றார் மாமி. "வீட்டுக்கு ஒண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு, கந்தோருக்கு ஒண்டு எண்டு. எங்களுக்கு ஒண்டு காணும்."

ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, அதையும் இறுக்கிச் சுருக்கும்படி ஒரு நீண்ட வரியைத் தட்டினார். எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. கோயிலில் ஐயர் மந்திரம் சொல்வதுபோல விரல்கள் தாமாக ஓடின. திரையில் எண்கள் ஊரத் தொடங்கின. கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் அம்மா அன்று கிரைண்டரைப் போடவேயில்லை.

எண் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் மாமி கேட்டார்.

"நேத்து அது நிக்கேக்கை எத்தினை வீதம் காட்டினது?"

"முப்பது" என்றேன்.

மாமி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிஸ்கட் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பின்னேரம் சுருக்கல் முடிந்தது. அப்படியும் ஒரு கையளவு உள்ளே அடங்காமல் மிஞ்சியது. மாமி ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, இது தேவையில்லை, இதுவும் தேவையில்லை என்று கழித்துக்கொண்டே போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டின் தூண்களை ஒருவர் ஒவ்வொன்றாக உருவ, கூரை அசையாமல் நிற்பதுபோல இருந்தது. கடைசியில் எல்லாம் உள்ளே போய்விட்டது. பென் டிரைவைக் கழற்றி என் கையில் வைத்தார். நாதஸ்வரம் இருந்தபோது எவ்வளவு பாரமோ அவ்வளவுதான் இருந்தது. அதை நம்ப எனக்குக் கனநேரம் எடுத்தது.

அக்காவின் கணினியில் அதைச் செருகியதும், செத்துக் கிடந்த திரை நீலமாக விழித்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், குறிப்புகள் எல்லாம் ஒரு பழைய கோப்புறைக்குள் அப்படியே இருந்ததை மாமி திறந்து காட்டினார். அக்கா திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்பா தன் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாமி உது அப்பிடி நிண்டது?" என்று கேட்டாள் அக்கா. "ஆரும் நிப்பாட்டினவையோ?"

மாமி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இல்லையம்மா. மின்னல் நேரத்திலை உப்பிடி வாறதுதான்."

நான் மூச்சு விட்டேன். ஆறை ஒன்றாக்கி நாலுக்குள் அடக்கத் தெரிந்த மாமிக்கு இந்தச் சின்ன விஷயம் பிடிபடாமல் போய்விட்டதே என்று, எனக்கு அவரில் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.