ஈர விறகும் கோதையின் கணக்கும்

கோதைக்கு வேலை செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில், உலை வடிவமைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில். அப்பா மாமல்லபுரம் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்பவர். அப்பனுக்கும் மகளுக்கும் அடுப்போடுதான் பிழைப்பு என்று அம்மா கேலி செய்வாள்.

எரிபொருளையும் காற்றையும் கொடுத்தால் தழலின் சூடு எவ்வளவு என்று சொல்லும் பழைய மென்பொருள் ஒன்று கம்பெனியில் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பக்கத்து மேஜை ஹர்ஷவர்தன் அதைத் தாத்தா என்பான். கோதைக்கோ அதன்மேல் கொள்ளைப் பிரியம். கேட்டதற்குப் பதில் சொல்லும், வளவளக்காது.

அதைக் கையாளுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் புதிதாக எழுத மாட்டார்கள். பழைய கணக்கின் ஃபைலை நகலெடுத்து, வேண்டியதை மட்டும் மாற்றி ஓட்டிவிடுவார்கள். கோதையும் ஒரு கேஸ் பர்னர் ஃபைலைத்தான் நகலெடுத்தாள். அந்தக் கணக்கு சவுக்கு மரச் சிராய் எரிக்கும் ஓர் உலைக்கு; அவள் தனியாக வடிவமைத்த முதல் உலை அது.

வேடந்தாங்கல் சாலையில் சடையப்பனின் ரைஸ் மில்லில் அது எரிந்தது. ஆனால் கணக்கு சொன்ன சூட்டுக்கு நூறு டிகிரிக்கும் மேல் குறைவு, நெல் காயவில்லை. சூடு காட்டும் மீட்டர்தான் தப்பு என்று கோதை ஒரே பிடியாக நின்றாள். சடையப்பன் மீட்டரை மாற்றியும் பார்த்தார். அதே குறைவு. உலையைப் பிரித்துவிட்டுப் பழைய டீசல் பர்னரையே வைப்பதென்று முடிவுசெய்து, ஆட்களையும் வரவழைத்துவிட்டார்.

அன்று காலை கோதை போனபோது அவர்கள் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார்கள். சும்மா நிற்க முடியாமல் சிராய்க் குவியலுக்குள் கையை விட்டாள். மழையில் நனைந்து சொதசொதவென்று இருந்தது. இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கவே எவ்வளவு சூடு போகும் என்று நினைத்தவளுக்குச் சுரீரென்றது. ஈரத்தின் அளவைச் சரியாகத்தான் கொடுத்திருந்தாள். ஆனால் நகலெடுத்த ஃபைலில் தண்ணீர் ஆவியாகவே இருந்தது, அதைக் கொதிக்கவைக்கும் சூடு கணக்கில் கழியவே இல்லை. கேஸுக்கு அது சரி. சிராய்க்குத் தண்ணீர் தண்ணீராகவே அல்லவா உள்ளே போகிறது?

எடைமேடை அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஆவியைத் தண்ணீராக மாற்றி ஓட்டினாள். கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது, மீட்டரை ஒட்டினாற்போல். காய்ந்த சிராய் என்று போட்டாள். நெல் காயத் தேவையான சூடு தாராளமாக வந்தது.

விறகு ஈரம் என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம். பொய்யும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நேரே போய்ச் சொன்னாள்.

"மீட்டர் சரிதான் ஐயா. என் கணக்குதான் தப்பு. சிராயில இருக்கிற தண்ணிய ஆவின்னு போட்டுட்டேன். காய வச்சி எரிச்சா உலை வேலை செய்யும்."

சடையப்பன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"மீட்டர் தப்பு, மீட்டர் தப்புன்னு நீ சொல்லிகினு இருந்தப்பதாம்மா எனக்கு பயம். எது தப்புன்னு தெரிஞ்சிகினா அப்புறம் இன்னா?"

கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"ஸ்பானர கீழ வையுங்கப்பா. குடோன் பின்னால தகரம் கெடக்குது, தூக்கினு வாங்க. சிராய்க்கு ஒரு கொட்டாய் போடணும்."