எது முதலில் எழுதப்பட்டது

என் ஆராய்ச்சி வழிகாட்டியை மூன்று வருடம் சிரித்த முகத்தோடு வெறுத்தேன். அவர் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தேன். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தேன். எதுவும் வெளியே தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் நான் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. வீடு வலியசாலையில். பழைய வெட்டுக்கல் மதில்களில் தானாக முளைக்கும் பெரணிச் செடிகளைப் பற்றி எம்.ஃபில். ஆய்வேடு எழுதியிருந்தேன். அதற்காக இரண்டு மழைக்காலம் குடையும் அளவு நாடாவுமாக நகரத்து மதில்களை ஒட்டியே நடந்தேன். மதிலை இடிக்க வந்த கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து என்னை விரட்டியவர்கள் உண்டு. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்தே விட்டார்கள். பிஎச்.டி.க்கும் அதே வழிகாட்டியிடம் சேர்ந்தேன். அப்போது அவர்மேல் மரியாதை இருந்தது.

அவர் ஸ்ரீவராகத்துக்காரர். எங்கள் தெருவில் பேசும் அதே தமிழ்தான் அவர் வீட்டிலும். ஆனால் துறையில் எல்லோரிடமும் மலையாளம், என்னிடமும் மலையாளம். காரியம் ஆக வேண்டுமானால் மட்டும் தமிழுக்கு வருவார். "கொழந்தே" என்று ஆரம்பித்தால் எனக்கு ஒரு வாரத்துக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி வந்ததுதான் பயிலரங்கு. புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு. நூலகத்தில் தேடுவது எப்படி, குறிப்பெடுப்பது எப்படி, மேற்கோள் காட்டுவது எப்படி, ஆய்வேட்டை எந்த வரிசையில் எழுதுவது. ஒருங்கிணைப்பாளர் அவர். குறிப்புகளை எழுதி, தட்டச்சு செய்து, தம்பானூரில் போட்டோஸ்டாட் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவது நான். முன்னுரையின் கீழே அவர் பெயர் இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் சேர்ந்தபோது இதையெல்லாம் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அப்படித் தடுமாற வேண்டாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது வருடப் பயிலரங்கில் இணையத்தில் ஆய்வுக் கட்டுரை தேடும் வகுப்பை என்னிடம் விட்டார்கள். நூலகத்தில் தொலைபேசி இணைப்போடு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எந்தச் சொல்லைத் தேடலாம் என்று கேட்டேன். எல்லோரும் திரையையே பார்த்தார்கள். சரி, என் விஷயத்தையே காட்டுகிறேன் என்று பெரணி, மதில், திருவனந்தபுரம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் அடித்தேன்.

பக்கம் மேலிருந்து கீழாக, மெதுவாகத் திறந்தது. ஒரு வெளிநாட்டு ஆய்விதழ். முதலில் தலைப்பு வந்தது. பிறகு என் வழிகாட்டியின் பெயர், அவர் பெயர் மட்டும். அதற்குக் கீழே சுருக்கம், பிறகு கட்டுரை முழுவதும். அது என் எம்.ஃபில். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம். 'ஹவெவர்' என்று நான் தேவையில்லாமல் இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அந்த இரண்டும் அப்படியே இருந்தன.

"மேடம், இதைப் பிரின்ட் எடுக்கிறது எப்படி?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

சொல்லிக் கொடுத்தேன். பிரின்டர் என் அத்தியாயத்தை அவர் பெயரில் வரி வரியாக அடித்துத் தள்ளியது. அந்தத் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன்.

"உக்காரு கொழந்தே" என்றார். தமிழில். அதிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

"சார், அந்தப் பேப்பர்ல இருக்கறது என்னோட மூணாவது சாப்டர்."

"உன்னோடதுதான். யாரு இல்லேன்னா? உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? எம்.ஃபில். படிக்கற பொண்ணோட பேர் இருந்தா ஃபாரின் ஜர்னல்ல எடுத்துப்பாளோ?"

"நன்றின்னு ஒரு வரியாவது போட்டிருக்கலாம்."

"அடுத்த பேப்பர்ல போட்டுடலாம். நீ எங்காத்துப் பொண்ணு மாதிரி. இதையெல்லாம் வெளிய பேசப்படாது, கேட்டியோ. ஆறு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட் போகணும், அதுல நான்தானே கையெழுத்துப் போடணும்?"

கடைசி வாக்கியத்தை மிக அன்பாகச் சொன்னார். டிராயரைத் திறந்து கோவில் பிரசாதம் என்று ஒரு பொட்டலமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த அம்மாள் நல்லவள்தான். ஆராய்ச்சி மாணவரின் எந்தப் புகாரும் வழிகாட்டியின் மூலமாகத்தான் மேலே வர வேண்டும் என்றாள். வழிகாட்டியின் மேலேயே புகார் என்றால்? அவள் பேனாவை மூடிக்கொண்டு, "மோளே, ஆத்யம் டிகிரி மேடிக்கு" என்றாள். மகளே, முதலில் பட்டத்தை வாங்கிக்கொள்.

அன்றுதான் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். பட்டம் கைக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதன் பிறகு அவரைச் சும்மா விடுவதில்லை.

வேலையைக் குறைக்கவில்லை, கூட்டினேன். தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து இணையப் பக்கம் அமைக்கக் கற்றேன். பயிலரங்கின் குறிப்புகள் எல்லாவற்றையும் இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் ஏற்றினேன். வெளியூர்க் கல்லூரிகளில் இருந்தெல்லாம் மின்னஞ்சல் வந்தது. அவருக்கு ஒரே பெருமை. தன் போட்டோவை முகப்பில் போடச் சொன்னார். போட்டேன். கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வு முடிந்தது. பட்டம் கைக்கு வந்த இரண்டாம் மாதம் அடுத்த பயிலரங்கு. மேற்கோள் காட்டுவது பற்றிய வகுப்பை எடுக்க அவரே என்னை அழைத்தார். டீன் வருவதாக இருந்ததால் வரவேற்புரை முடிந்தும் அவர் போகவில்லை. முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். இடப்பக்கம் ஒரு பத்தி, வலப்பக்கம் ஒரு பத்தி. பெயர் இல்லை, வருடம் இல்லை. அவருக்கும் ஒன்று கொடுத்தேன், இரண்டு கையாலும் மரியாதையாக.

"இதில் எது முதலில் எழுதப்பட்டது? ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதா? எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் ஒரே ஒரு முறை குனிந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் இருந்த கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுகள் சிவந்தன. அந்த நிறத்தை என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

நடு வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அந்த வருடம் அவரிடமே பிஎச்.டி.க்குச் சேர்ந்திருந்தவள். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள்.

"மேடம், ரெண்டுலயும் ஸ்ரீவராகத்துல இருக்குற அந்தப் பழைய காம்பவுண்டோட கிழக்கு மதில்னு எழுதியிருக்கு. நான் தெனமும் அது வழியாக்கும் வரது. கிழக்கே மதிலே இல்லல்லோ, வேலியாக்கும். மதில் மேக்கேதான். ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வராதுல்லா?"

அந்தத் தப்பு என்னுடையது. மழையில் திசை மாற்றி எழுதிவிட்டேன். ஆய்வேடு பைண்டாகி வந்த பிறகுதான் பார்த்தேன்; வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் அந்த மதிலைப் போய்ப் பார்த்ததே இல்லை. அது அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

"சரியாகச் சொன்னாய்" என்றேன். "இனி எது மூலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் இருக்கின்றன. அரை மணி நேரம்."

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் கையில் பிரின்ட், இன்னொருவர் கையில் என் ஆய்வேடு. சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர்கள் வாசலிலேயே பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் முதல் வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் நான் மூன்று வருடமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அவர் எழுந்தார். "ஒரு போன் பண்ணணும்" என்று யாரிடமோ மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். டீன் வந்தபோது அவர் இல்லை.

அன்று சாயங்காலமே அந்தத் தாளைப் பயிற்சி என்ற தலைப்பில் இணையப் பக்கத்தில் ஏற்றினேன்.

நான்காம் நாள் வலியசாலை வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அந்தப் பேப்பர எடுத்துடும்மா" என்றார்.

"எந்தப் பேப்பர் சார்?"

"வெளையாடாதே. அந்தப் பயிற்சி."

"அதுல உங்க பேரே இல்லையே சார்."

"எல்லாருக்கும் தெரியறது."

"பேர் இல்லாம எப்படித் தெரியும்? வேணும்னா ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். யாரோடது எதுன்னு சந்தேகமில்லாம இருக்கும்."

அவர் காப்பியைத் தொடவில்லை. "உனக்கு நான் என்ன கொறை வச்சேன்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாதவர் போலக் கேட்டார். அவர் செருப்பை மாட்டும்வரை வாசலில் நின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. கட்டுரை அப்படியே இருந்தது. ஆனால் அடுத்த பயிலரங்கிலிருந்து ஒருங்கிணைப்பாளர் வேறொருவர். என் வழிகாட்டி நடைபாதையில் வந்தால் மாணவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் கணிக்கவில்லை. கை தூக்கிய பெண்ணின் ஆறு மாத அறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. திருப்தி இல்லை என்று எழுதினார். இரண்டாம் முறையும் அதையே எழுதினார். அவளுடைய உதவித்தொகை நின்றது. எனக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆகிவிட்டது. தெரிந்ததும் அவளைத் தேடிப் போனேன். நூலகத்தின் பின்வாசலில் நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உன்னைப் பேச விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

"மேடம், அது சாரோட பேப்பர்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் சாரோட ஸ்டூடன்ட்டுன்னும் உங்களுக்குத் தெரியும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க டிகிரி கிட்டின பொறவுதான் செஞ்சீங்க. எனக்கு அந்த நேரம் கிட்டிச்சா?"

"இல்லை" என்றேன்.

வழிகாட்டியை மாற்றிக்கொள்ள அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நல்லவளான அந்த அலுவலகத்து அம்மாளிடம் நானே கொண்டுபோனேன். வேறு துறையில் ஒரு பேராசிரியையைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அவள் உதவியை ஏற்றுக்கொண்டாள். என்னோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க மட்டும் வரவில்லை. தலைப்பு மாறியதால் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு வருடம் வீணானது.

அவள் அனுபவித்ததற்காக நான் வருந்துகிறேன். ஆனால் அவர் காதுகள் சிவந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்ற தேர்வு அது. அவர் வர வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வரவில்லை. அவள் எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொன்னாள்.

முடிந்ததும் வெளியே நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் டீயும் வைத்திருந்தார்கள். நான் படியிறங்கப் போனேன். அவள் கூட்டத்திலிருந்து விலகி வந்து ஒரு தட்டை என் கையில் கொடுத்தாள்.

"சூடாக்கும். தின்னிட்டுப் போங்க, மேடம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போனாள்.