ஒரு மாத்திரை சேர்த்து

கனடாவுக்கு வந்து எத்தனை வருடமானாலும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே “போதும்” என்றால் நிஜமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு லிண்டா விருந்துக்கு அழைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள். மரியாதைக்கு வேண்டாம் என்றேன். பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டாள், பாவி! வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசைந்தேன்.

எங்கள் ஊர் மேனாம்பேட்டில் என் அக்கா ஸ்டெல்லாவிடம் இந்தக் கதை நடக்காது. போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும். அம்மா போனபிறகு எனக்கு ஊர் என்றால் அவள்தான். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். பிரியாணி, கல்கல், அதிரசம், அக்கம்பக்கத்திலிருந்து தட்டுத் தட்டாகக் கேக். என் பேன்ட் பொத்தான் சேரவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. மற்ற நாட்களில் கூழும் கீரையுமாகக் கட்டுப்பாட்டோடு இருப்பவள், எனக்குச் சரிக்குச் சரியாக உட்கார்ந்து அதிரசத்தைப் பிட்டாள்.

“உனக்கு ஆகாதேக்கா?”

“ஒரு மாத்திர சேத்துப் போட்டுக்கினேன்டா. நீ கீறப்போ துன்னாம வேற எப்போ துன்றது?”

விருந்துக்கு முன் இப்படி மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்கள் நம் சனத்தில் எத்தனை பேர்! நானும் சிரித்துவிட்டு இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டேன்.

மாதா கோயிலில் புத்தாண்டு காலைப் பூசை. மதியப் பிரியாணியை நினைத்து அக்கா அன்றும் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டிருக்கிறாள். நற்கருணை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்தான் அவள் வழக்கம். பிரசங்கத்தின் நடுவே என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டு நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை.

“கண்ண இருட்டிகினு வருதுடா.”

எனக்கு உயிரே போய்விட்டது. பின்வரிசைக் குழந்தையின் ஜூஸ் பாக்கெட்டைக் கெஞ்சி வாங்கி அவளைக் குடிக்க வைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினார்.

வீடு திரும்பும்போது அக்கா அழுதாள். “எப்பவோ ஒருக்கா வர்ற. கூட ஒக்காந்து துன்னாதான்டா நீ வந்த மாறி கீது.”

எனக்கும் அழுகை வந்தது. “எனக்கு நீ வேணும்க்கா. அதிரசம் கெடக்குது. நாளைலேர்ந்து ரெண்டு பேரும் நடக்கலாம், வா.”

அப்படியே ஏரிக்கரையில் நடந்தோம். கூழும் கீரையும் எனக்கும் சேர்த்து வந்தது. வழியில் டீக்கடை பஜ்ஜியை அவள் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம். ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கும் நண்பர்களே, விருந்து வைக்கிறவர்களின் மாத்திரை டப்பாவையும் ஒரு பார்வை பாருங்கள்.

இப்போது வேலை முடிந்து சாயங்காலம் நான் இங்கே பனியில் நடக்கும்போது, அங்கே விடிந்து அக்கா நடக்கிறாள். காதில் போன். “மாத்திரை?” என்பேன். “டாக்டரம்மா சொன்னதுதான்டா, மாதா மேல சத்தியம்” என்பாள். நேற்று பேச்சுக்கு நடுவே திடீரென்று கத்தினாள்: “தம்பி, பள்ளம் கீது, ஓரமா வா!”

என் எதிரே பனி வாரிச் சுத்தமாகக் கிடந்தது நடைபாதை. நான் ஓரமாக ஒதுங்கி நடந்தேன்.