நூற்றுப்பன்னிரண்டாம் கல் போன தூரம்

கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, நம்பர் எழுதி, ஆற்றில் போட்டுவிட்டு, அப்புறம் அதைக் காணோம் என்று தேடிப் போவதற்கு ஒரு மனுஷிக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையில் ஆற்று ஆராய்ச்சியாளர். தெருவில் ‘கல்லக்கா’ என்றால்தான் தெரியும். இருநூறு கற்கள் பால்கனியில் செய்தித்தாள் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன; வீட்டுத் துணிக்கு இடமில்லை.

“கல்லுக்கு அடிக்கிற கை சுவத்துக்கு அடிச்சா தேஞ்சா போயிடும்?” என்றார் மாமியார்.

“சுவர் எங்கயும் போகாது அத்தை. எனக்கு நகர்ற சாமான்தான் வேணும்.”

அணை வந்தபின் ஆற்றின் வேகம் செத்து, சரளைக் கற்களின் இடுக்கெல்லாம் சேறு அடைத்துவிட்டது. மீன் முட்டையிடுவது அந்த இடுக்கில்தான். அணையைக் கொஞ்சம் திறந்தால் கல் புரளும், சேறு கழுவிப் போகும் என்பது கல்லக்காவின் கட்சி. ஆறு வருஷம் மனுப் போட்டு ஒன்பது மணி நேரத் தண்ணீர் வாங்கினார். கல் நகர்ந்தால் வருஷாவருஷம் தண்ணீர். நகராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

கற்களை ஆற்றில் போட்டு, அணை திறந்து, தண்ணீர் வடிந்த மறுநாள், முழங்காலளவு நீரில் குனிந்து குனிந்து தேடினார். பாதிக் கற்கள் போட்ட இடத்திலேயே சொகுசாக உட்கார்ந்திருந்தன. மீதி பத்தடி, பதினைந்தடி. நூற்றுப்பன்னிரண்டு மட்டும் நானூறடி தள்ளி மணல் திட்டில் கிடந்தது. அணைப் பொறியாளர் கரையிலிருந்தே கைதட்டினார்.

“இது போதும்மா! இந்த ஒரு கல்லுக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

கல்லக்கா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டு வந்த கல்லில் பெயிண்ட் உரிந்திருக்க வேண்டும். இதுவோ மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. பக்கத்தில், அவரைக் கூட்டி வந்து தானும் தேட இறங்கியிருந்த ஜீப் ஓட்டுநர் திடீரென்று மேகங்களில் அக்கறை காட்டினார்.

“அண்ணே, இங்க பாருங்க.”

“தூரமாப் போனாத்தான் நல்லதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? கால்ல தட்டுப்பட்டுச்சு. தூக்கிட்டு வந்து இங்க வச்சு ஒரு கை கொடுத்தேன்.”

“கை கொடுத்தீங்களா, காலை வாரினீங்களா?”

ஓட்டுநர் வாயைத் திறக்கப்போவதில்லை. கல்லுக்கு வாயே இல்லை. நம்மில் பலர் அங்கேயே பேனாவை எடுத்து நீட்டியிருப்போம். கல்லக்கா நோட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டுக் கரையேறினார்.

“சார், அது ஆறு கொண்டுவந்த கல் இல்ல. மனுஷன் கொண்டுவந்தது.”

எந்த மனுஷன் என்று சொல்லவில்லை.

“அப்போ உங்க தண்ணி பத்தல?”

“வேகம்தான் பத்தல. ஆறு குறுகி ஓடுற இடத்துல மட்டும்தான் கல் நகர்ந்திருக்கு. அதே தண்ணிய ஒன்பது மணி நேரம் இழுக்காம மூணு மணி நேரத்துல விடுங்க. ஒரு சொட்டு கூடுதலா கேக்கல.”

“நீங்க பேசாம இருந்திருந்தா வருஷாவருஷம் கொடுத்திருப்பேனே!”

“கொடுத்திருப்பீங்க சார். மீன்தான் ஏமாந்திருக்கும்.”

பொறியாளர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பிறகு எழுதினார்: மூன்று மணி நேரம், இன்னும் ஒரே ஒரு தடவை, பலனைப் பார்த்தபின் மற்றது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கல்லக்கா ஓட்டுநரிடம் வந்தார்.

“அடுத்த வாரம் தண்ணி விடுறாங்க அண்ணே. நீங்க அன்னிக்கு வண்டிய விட்டு இறங்கவே கூடாது.”