சுவரில் கை தூக்கி நின்றவள்

எங்கள் அப்பா கள்ளுக்கடை வாசலை மிதித்ததில்லை. அசாம் ஜாவா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அப்படி ஓர் ஆம்பிளையைக் காட்டு என்றால் அவரைத்தான் காட்டவேண்டும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மிச்சமான காசை அவர் எதில் போட்டார் என்று சொல்லத்தான் சிறுபிள்ளையில் எனக்கு நாக்கு எழாது. படம் வாங்கினார்.

சாமி படமென்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? கோலசிலாங்கூர் டவுனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் சீனர் ஒருவர், மிச்சப் பலகைகளில் தன் இஷ்டத்துக்கு ஏதாவது வரைந்து வைப்பார். மீன் படகு, மழையில் நிற்கிற லோரி. அதையெல்லாம் வாங்க மலாயாவிலேயே ஒரே ஆள் எங்கள் அப்பா. சம்பளம் போட்ட மறுநாள் கக்கத்தில் பலகையோடு வருவார். "அச்சடிச்ச படம் ஆயிரம் வீட்டுல இருக்கும். இது உலகத்துலயே ஒண்ணுதான்" என்பார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் எனக்கு லோரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்தக் கேட்டுக்குப் பலகை எழுத வந்த சீனர், பார்த்ததைப் போய் வரைந்திருக்கிறார். ஒரு பெண் முதுகைக் காட்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அப்பா அதை வாங்கி வந்து நடுச்சுவரில் மாட்டினார்.

உலு யாமிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. எடுக்கச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. நம் வீடுகளில் சுவரில் ஏறுவது சாமி, இல்லையென்றால் செத்தவர்கள். மாப்பிள்ளையின் தாயார் காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் துக்கமான குரலில் கேட்டாள்.

"எப்பங்க தவறினாங்க?"

"யாரும் தவறலம்மா. நல்லா இருக்காங்க" என்றார் அப்பா.

"உசுரோட இருக்கிறவள யாராச்சும் சுவத்துல மாட்டுவாங்களா? யாரு, சொந்தமா?"

"யாருன்னு தெரியலம்மா. நம்ம பொம்பளைங்கள்ல ஒருத்தி."

மாப்பிள்ளையின் மாமா சிரித்தார். "இதுக்கா சம்மந்தி காசு குடுத்தீரு? காலையில கேட்டுல போயி நின்னா ஓசியிலயே பாக்கலாம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நான் வெட்கத்தில் செத்தேன். ஊரில் எத்தனையோ அப்பன்மார் குடிக்கிறார்களே, இவரும் குடித்துத் தொலைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"அத எறக்குங்க, அப்பறம் பேசுவோம்" என்றாள் அந்த அம்மாள்.

அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். கையில் தட்டோடு, அழ ஒரு சொல் போதும் என்கிற மாதிரி அவள் நின்றாள். அவர் எழுந்து படத்தை இறக்கி, கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தார். கல்யாணம் பேசி முடிந்தது.

மறுநாள் விடியற்காலை, ரப்பர்ப்பால் பிடிக்கிற மங்கு துடைக்க அம்மாவோடு நானும் போனேன். சோதனை பண்ணுகிற பெண் இடுப்பில் கை வைத்தால் எனக்குக் கூச்சம் தாங்காது, நெளிவேன். அவளும் வேண்டுமென்றே இன்னொரு தடவை தடவுவாள். வீட்டுத் தொல்லை தீர்ந்த சந்தோஷத்தில், அன்றைக்கு இரண்டு கையையும் நன்றாகத் தூக்கிக்கொண்டு உரக்கச் சிரித்தேன்.

ஆண்கள் வரிசையில் நின்ற அப்பா என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் போன கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.